கணக்கு எண் மாறிவிட்டது என்று வரும் கடிதம்



முன் நாளில் நம்மவர் கடைக்குத் தபால் வந்தால் கணக்குப்பிள்ளை முதலில் பார்ப்பது விஷயத்தை அல்ல, கையெழுத்தை. நாகப்பட்டினத்திலிருந்து சரக்குப் பட்டியல் வருகிறதென்றால், அதை எழுதியவருடைய கொம்பும் சுழியும் அவருக்கு மனப்பாடம். வேறு கை எழுதியிருந்தால் உறையைப் பிரித்த உடனே தெரிந்துபோகும். இன்று நமக்கு வருகிற மின்னஞ்சலில் கையெழுத்து என்பதே கிடையாது. யோக்கியன் எழுதினாலும் மோசக்காரன் எழுதினாலும் எழுத்து ஒரே எழுத்துத்தான்.

மின்னஞ்சல் மோசடி என்றதும், இறந்துபோன ஒரு மந்திரியின் மனைவி கோடிக்கணக்கில் பணம் வைத்திருப்பதாகவும், அதை வெளியே எடுக்க நம் ஒத்தாசை வேண்டும் என்றும் வருகிற கடிதம்தான் பலருக்கு நினைவு வரும். நைஜீரிய நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419-ம் பிரிவை வைத்து அதற்கு 'நாலு ஒன்று ஒன்பது' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அது புதிய வித்தையும் அல்ல. ஸ்பெயின் தேசத்துச் சிறையில் ஒரு செல்வந்தன் அடைபட்டுக் கிடக்கிறான், அவனை மீட்கப் பணம் அனுப்பினால் அவன் சொத்தில் பங்கு உண்டு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தபாலில் வந்துகொண்டிருந்த புரட்டுத்தான். அதைப் படித்துச் சிரித்துவிட்டு அழித்துவிடுகிறோம்.

சிரிக்க முடியாத கடிதம் வேறு. அதில் மந்திரியும் இல்லை, கோடியும் இல்லை. நாம் நிஜமாகவே வாங்கிய சரக்கு, நிஜமாகவே கொடுக்கவேண்டிய தொகை, நமக்கு நன்றாகத் தெரிந்த பெயர். ஒரே ஒரு வரி மட்டும் புதிது: "எங்கள் பேங்குக் கணக்கு மாறியிருக்கிறது. இனிமேல் இந்த எண்ணுக்கு அனுப்பவும்."

இந்த ஒரு வரியைப் பற்றியதே இந்தப் பாடம். என் கடையில் நடந்ததை வைத்தே சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்மில் அகப்பட்டவர்கள் எல்லாரும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வதால்தான் அடுத்தவரும் அகப்படுகிறார்.

2022-ம் ஆண்டு, ரமலானுக்கு ஒரு மாதம் முன்பு. கோலாலம்பூரில் எனக்குச் சிறிய ஜவுளிக் கடை. படுக்கை விரிப்பு, துண்டு, ஜமக்காளம் எல்லாம் ஈரோட்டுப் பக்கத்து வியாபாரி ஒருவரிடமிருந்து 12 ஆண்டுகளாக வரவழைத்து வந்தேன். பெயர் வேண்டாம், முதலியார் என்றே சொல்கிறேன். பெருநாள் சரக்கு வந்து இறங்கிவிட்டது. 46,800 ரிங்கிட் பாக்கி நின்றது. எங்கள் எழுத்துப் போக்குவரத்து முழுவதும் மின்னஞ்சலில்தான். அவர் முன்பு எழுதியதும் நான் எழுதியதும் அடியில் அப்படியே இருக்க, அதற்கு மேல் ஒரு பதில் வந்தது. வருடக் கடைசியானபடியால் பழைய கணக்கில் தணிக்கை நடக்கிறது, ஆகவே இந்தத் தொகையை வேறு கணக்குக்கு அனுப்பவும் என்று கண்டிருந்தது. கூடவே பட்டியல். அதே பட்டியல் எண், அதே முத்திரை, அதே கையொப்பம். இந்தியாவில் கணக்கு வருடம் மார்ச் 31-ல் முடிவது நமக்குத் தெரிந்த சங்கதி. பொருத்தமாகவே பட்டது.

புதிய கணக்கு இந்தியாவில் இல்லை, வேறொரு நாட்டு பேங்கில் இருந்தது. அது மட்டும் ஒரு நிமிஷம் உறுத்திற்று. ஏற்றுமதிக்காரர்கள் நாலு இடத்தில் கணக்கு வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம். ஜும்ஆவுக்குப் புறப்படுகிற அவசரத்தில், கணக்குப் பார்க்கிற தம்பியிடம் "அனுப்பிவிடு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

ஒன்பது நாள் கழித்து முதலியார் போனில் வந்தார்.

"பாய், கோவிச்சுக்காதீங்க. பணம் இன்னும் வந்து சேரலையே?"

"அனுப்பி ஒன்பது நாளாச்சே முதலியார். உங்க புதுக் கணக்குக்குத்தான் போச்சு."

"புதுக் கணக்கா? எனக்கு ஏது பாய் புதுக் கணக்கு?"

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. 12 ஆண்டுப் பழக்கம், ஒரு தடவைகூடக் கெஜம் குறையாமல் அனுப்பிய மனிதர். அவரைப் பார்த்து, "உங்கள் ஆபீஸில் யாரோ செய்த வேலை, நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு போனை வைத்துவிட்டார்.

கம்ப்யூட்டர் வேலை தெரிந்த உறவுக்காரப் பையன் ஒருவன் வந்து உட்கார்ந்து பார்த்தான். இரண்டு விஷயம் வெளியே வந்தது. முதலாவது, அந்தக் கடைசிக் கடிதம் முதலியாரின் விலாசத்திலிருந்து வரவே இல்லை. அவர் கம்பெனிப் பெயரில் 'எம்' என்ற ஆங்கில எழுத்து வருகிறது. அதற்குப் பதிலாக 'ஆர்', 'என்' என்ற இரண்டு எழுத்தையும் ஒட்டிப் போட்டு ஒரு விலாசம் பதிவு செய்திருக்கிறார்கள். சின்ன எழுத்தில் போட்டால் 'எம்' போலவேதான் தெரியும். என் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பையன் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டிய பிறகே தெரிந்தது.

இரண்டாவது விஷயம்தான் என்னைத் தலைகுனிய வைத்தது. திருடன் நுழைந்தது முதலியாருடைய வாசலில் அல்ல, என் வாசலில். மூன்று வாரத்துக்கு முன்பு, "உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே தொட்டுச் சரிசெய்யவும்" என்று எங்கள் கடை விலாசத்துக்கு ஒன்று வந்திருக்கிறது. தம்பி அதைத் தொட்டிருக்கிறான். வழக்கமான பக்கம் போலவே ஒன்று திறந்திருக்கிறது. கடவுச்சொல்லை அதில் அடித்திருக்கிறான். அவ்வளவுதான், சாவி கைமாறிவிட்டது. தம்பியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

உள்ளே வந்தவன் எதையும் கலைக்கவில்லை. எங்கள் பெட்டிக்குள் ஓர் உத்தரவை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பட்டியல், பாக்கி, பணம் என்ற ஆங்கிலச் சொற்கள் வருகிற கடிதம் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் அவனுக்குப் போகும்படி ஏற்பாடு. இப்படி ஓர் ஏற்பாடு அஞ்சல் பெட்டியில் உண்டு என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. மூன்று வாரம் எங்களைப் படித்திருக்கிறான். எவ்வளவு பாக்கி, எந்த வாரத்தில் கொடுப்பேன், யார் அனுப்புகிறார் எல்லாம் தெரிந்துகொண்டு, சரக்கு இறங்கிய மூன்றாம் நாள் கடிதம் போட்டிருக்கிறான்.

நான் முதலியாரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டது ஒன்றே: "பாய், என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" பணத்தைக் கொடுக்கவேண்டியவன் நான். திருடன் கையில் கொடுத்ததால் கடன் தீர்ந்ததாகாது என்பது என் நியாயம். முழுத் தொகையும் தருகிறேன் என்றேன். அவர் மூன்று தவணை கொடுத்தார். தம் லாபத்தை விட்டுக்கொடுத்து முதலை மட்டும் வாங்கிக்கொண்டார். எல்லா வியாபாரத்திலும் இப்படி முடியும் என்று நினைக்கவேண்டாம். "நான் கொடுத்துவிட்டேன்", "எனக்கு வரவில்லை" என்று இரண்டு யோக்கியர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் போவதே பெரும்பாலும் நடப்பது. திருடன் கொண்டுபோகிற பணத்தைவிட அது பெரிய நஷ்டம்.

சின்னக் கடையானதால் ஏமாந்தேன் என்றும் சொல்வதற்கில்லை. 2013 முதல் 2015 வரை லித்துவேனியா நாட்டுக்காரர் ஒருவர், தைவானில் கம்ப்யூட்டர் சாமான் செய்கிற ஒரு பெரிய கம்பெனியின் பெயரில் பொய்ப் பட்டியல் அனுப்பி, கூகிள், பேஸ்புக் என்ற இரண்டு நிறுவனங்களிடமே 12 கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டார். 2019 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு ஐந்து ஆண்டுச் சிறை விதித்தது. வியாபாரக் கடிதத்தை வைத்துச் செய்யும் இந்த வகை மோசடியில் மட்டும் 2023-ல் 290 கோடி டாலர் நஷ்டம் என்று அமெரிக்க எப்.பி.ஐ. கணக்குக் காட்டிற்று. அதுவும் முறையிட்டவர்கள் சொன்ன தொகைதான்.

இனி, கடிதத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருவோம்.

மேலே தெரிகிற பெயரைப் பார்க்கவேண்டாம். அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பெயரைத் தொட்டால் அதன் பின்னாலிருக்கும் விலாசம் தெரியும். கைப்பேசியில் பெரும்பாலும் பெயர் மட்டுமே தெரியும்; ஆகவே பணம் சம்பந்தப்பட்ட கடிதத்தைக் கைப்பேசியில் பார்த்து முடிவு செய்வதை நான் விட்டுவிட்டேன். விலாசத்தை இடமிருந்து வலமாகப் படித்துப் போகாமல், கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்கவேண்டும். சொந்தக்காரன் யார் என்பது கடைசியில்தான் இருக்கிறது. முன்னால் உங்கள் பேங்கின் பெயரையே போட்டிருப்பான், கடைசிப் புள்ளிக்கு முன் வேறு ஏதோ ஒரு பெயர் இருக்கும். மலேசிய அரசாங்க விலாசம் 'கவ் புள்ளி எம்ஒய்' என்றும், சிங்கப்பூர் அரசாங்க விலாசம் 'கவ் புள்ளி எஸ்ஜி' என்றும் முடியும். வரி இலாகா என்று சொல்லிக்கொண்டு வேறெப்படி முடிந்தாலும் சந்தேகப்படலாம்.

'எம்'முக்கு 'ஆர் என்' போடுவது போலவே, 'எல்' எழுத்துக்கு ஒன்று என்ற எண்ணையும், 'ஓ' எழுத்துக்குப் பூஜ்யத்தையும் போடுவார்கள். ஆங்கிலப் பிழைகளை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பது பழைய யோசனை. இப்போது செயற்கை அறிவு யந்திரம் எழுதிக் கொடுக்கிறது. நம்மைவிட நல்ல இங்கிலீஷில் எழுதுகிறது. எனக்கு வந்த கடிதத்தில் இருந்த ஒரே துப்பு பிழை அல்ல, நடை. முதலியார் எப்போதும் "பாய்" என்று தொடங்கி, பிள்ளைகளை விசாரித்து முடிப்பார். அதில் அந்த விசாரிப்பு இல்லை. அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். கண்ணை மட்டும் நம்பினால் ஒரு நாள் தோற்போம். முதலியாருடைய பெட்டியிலேயே திருடன் புகுந்திருந்தால், கடிதம் அவருடைய உண்மையான விலாசத்திலிருந்தே வந்திருக்கும். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தும் பயன் இல்லை. வெளிநாட்டுக்குப் போகும் பணம் பெரும்பாலும் கணக்கு எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. மேலே முதலியார் பெயரை எழுதிவிட்டோம், பேங்கு பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது.

ஆகையால் கடையில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளவேண்டும். கணக்கு எண் மாறிற்று என்று யார் எழுதினாலும், நம் பேரேட்டில் முன்பே எழுதி வைத்திருக்கிற டெலிபோன் எண்ணில் நாமே கூப்பிட்டு, நமக்குக் குரல் தெரிந்த ஆளிடம் கேட்டாலொழியப் பணம் புறப்படக்கூடாது. கடிதத்தின் அடியில் போட்டிருக்கிற எண்ணில் கூப்பிடுவதில் அர்த்தம் இல்லை. கள்ளனைக் கேட்டால் கள்ளன் ஆமாம் என்றுதான் சொல்வான். அவர்களாகக் கூப்பிட்டதையும் கணக்கில் எடுக்கவேண்டாம். 2024 ஜனவரியில் ஹாங்காங்கில், ஆரூப் என்ற பிரிட்டிஷ் என்ஜினீயரிங் கம்பெனியின் குமாஸ்தா ஒருவருக்குத் தலைமை நிதி அதிகாரி பேரில் கடிதம் வந்தது. அவருக்கும் முதலில் சந்தேகம்தான். பிறகு வீடியோவில் கூட்டம் போட்டார்கள். அதிகாரியும் மற்றவர்களும் முகம் தெரியப் பேசினார்கள். அத்தனை முகமும் குரலும் யந்திரத்தில் செய்தவை. சந்தேகம் தீர்ந்து, 15 தடவையாக 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பிவிட்டார்.

கூப்பிட்டுக் கேட்டால் நம்மை நம்பவில்லையா என்று நினைத்துக்கொள்வாரோ என்ற கூச்சம் நம்மவர்களுக்கு அதிகம். அந்தக் கூச்சம்தான் திருடனுக்கு மூலதனம். இதற்கு வழி, பிரச்சினை வருமுன்பே பேசி வைத்துக்கொள்வது. இப்போது முதலியார் தம் பட்டியலின் அடியிலேயே, "எங்கள் கணக்கு எண் மாறினால் மின்னஞ்சல் மூலம் மட்டும் தெரிவிக்கமாட்டோம்" என்று அச்சிட்டிருக்கிறார். என் பட்டியலிலும் அப்படியே போட்டிருக்கிறேன். பெரிய தொகையானால் ஒருவர் தயார் செய்ய, வேறொருவர் பார்த்து அனுப்பும்படி பேங்கில் ஏற்பாடு உண்டு. அதையும் செய்துகொண்டேன். தனியாக நடத்துகிற கடையானால் மகனோ மனைவியோ பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானத்திலும் பெருநாளுக்கு முதல் நாளிலும் புதிய கணக்குக்குப் பணம் அனுப்புவதே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் நல்லதே. அவசரம் என்று எழுதுகிறவன் நம் அவசர நாளைத் தெரிந்துகொண்டே எழுதுகிறான்.

மற்ற வகைக் கடிதங்களை அதிகம் விரிக்கவேண்டியதில்லை. பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, சில்லறைத் தொகை கட்டவும் என்று வரும். அவர்களுக்கு வேண்டியது அந்தச் சில்லறை அல்ல, நம் கார்டு எண். பேங்குக் கணக்கு முடக்கப்படும் என்று பயமுறுத்தி, ஓர் இடத்தைத் தொடச் சொல்லி வரும். பேங்கு விலாசத்தை நாமே அடித்துப் போய்ப் பார்த்தால் முடிந்தது. தனிநபர் வாடிக்கையாளருக்கு அனுப்பும் கடிதத்தில் தொட்டுத் திறக்கும் சுட்டிகளை எடுத்துவிடும்படி 2022 ஜனவரியில் சிங்கப்பூர் பேங்குகளுக்குச் சொல்லப்பட்டதும் இதனால்தான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி பேரில் பெரிய ஆர்டர் வரும். சரக்கை வேறொரு கடையில் வாங்கி, முன்பணம் கட்டி அனுப்பச் சொல்வார்கள். அந்த வேறொரு கடையும் அவர்களே. ஸலாம் சொல்லித் தொடங்கி, மதரஸாவுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் ஜகாத் கேட்டு ரமலானில் வருகிற கடிதமும் உண்டு. கொடுக்கிற மனசை மூடவேண்டாம். கேட்டவர் யார் என்று ஜமாஅத்தில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுக் கொடுக்கலாம்.

பணம் போய்விட்டதென்றால் என்ன செய்வது? நான் ஒன்பதாம் நாள் பேங்குக்குப் போனேன். அந்தக் கணக்கில் ஒரு காசு மிஞ்சவில்லை. வந்த பணத்தைத் துண்டு துண்டாக்கி வேறு கணக்குகளுக்கு மாற்றுவதுதான் அவர்கள் செய்யும் அடுத்த வேலை. அதற்கு இரவல் கணக்கு வேண்டும். மலாய் மொழியில் அதற்கு 'அக்காவுன் கெல்டாய்', கழுதைக் கணக்கு என்று பெயர். சில நூறு வெள்ளிக்குத் தன் பேங்குக் கார்டை இரவல் கொடுக்கிற வாலிபன்தான் அந்தக் கழுதை. கடைப் பையன்களை அழைத்து இதைச் சொல்லி வைக்கவேண்டும். கார்டு கொடுத்தவனையும் போலீஸ் பிடிக்கிறது.

நேரத்தோடு சொன்னால் பணம் திரும்புவதும் உண்டு. 2024 ஜூலை 15-ந் தேதி, சிங்கப்பூரில் ஒரு சரக்கு வியாபாரக் கம்பெனிக்கு, சப்ளை செய்கிறவர் பேரில் கடிதம் வந்தது. பாக்கியை திமோர் லெஸ்தே நாட்டிலுள்ள புதிய கணக்குக்கு அனுப்பவும் என்று. விலாசத்தின் எழுத்தில் சிறு வித்தியாசம். எனக்கு வந்தது போலத்தான். 19-ந் தேதி 4 கோடியே 23 லட்சம் அமெரிக்க டாலர் போயிற்று. நாலு நாள் கழித்து உண்மையான ஆள் பணம் வரவில்லை என்று கேட்டபோது விழித்துக்கொண்டார்கள். உடனே போலீசுக்குப் போனார்கள். சிங்கப்பூர் போலீஸ் இன்டர்போல் வழியாகச் செய்தி அனுப்பி, 25-ந் தேதியே 3 கோடியே 90 லட்சம் டாலரை அந்த நாட்டிலேயே நிறுத்திவிட்டது. ஏழு பேர் பிடிபட்டார்கள். மேலும் 20 லட்சம் டாலரும் கிடைத்தது.

ஆகவே தெரிந்த நிமிஷமே பேங்கைக் கூப்பிட்டு, பணத்தை நிறுத்தித் திரும்பக் கேட்கச் சொல்லவேண்டும். மலேசியாவில் 997 என்ற எண், தேசிய மோசடி நடவடிக்கை மையம். 2022 அக்டோபரில் தொடங்கியது. என் காரியம் அதற்கு முன்பு நடந்துவிட்டது. சிங்கப்பூரில் 1799, அங்கே சந்தேகமான கடிதம் ஒன்று வந்திருக்கிறது, என்ன செய்யட்டும் என்றும் கேட்கலாம். அதன் பிறகு போலீசில் எழுத்து மூலம் முறையிடவேண்டும். கோபத்தில் அந்தக் கடிதத்தை அழித்துவிடக்கூடாது, சாட்சி அதுதான். பிறகு கடவுச்சொல்லை மாற்றி, அஞ்சல் பெட்டியின் உள் அமைப்பில் நாம் எழுதாத உத்தரவு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து நீக்கவேண்டும். கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு அந்த உத்தரவை விட்டுவைத்தால், நகல் போய்க்கொண்டேதான் இருக்கும். கடவுச்சொல்லுக்கு மேல் கைப்பேசியில் ஓர் எண் கேட்கும் இரண்டாம் பூட்டையும் போட்டுவிடவேண்டும். என் பெட்டியில் அது போட்டிருந்தால், தம்பி சாவியைக் கொடுத்தும் கதவு லேசில் திறந்திராது.

சென்ற ஆண்டு முதலியார் நிஜமாகவே பேங்கு மாற்றினார். கையெழுத்துப் போட்ட கடிதம் கூரியரில் வந்தது. மறுநாள் அவரே போனும் செய்தார்.

"பாய், புது நம்பர் கிடைச்சுதா? படிக்கிறேன், எழுதிக்குங்க."

"நீங்க வச்சிடுங்க முதலியார். நான் கூப்பிடுறேன்."

"நான்தானே பாய் பேசுறேன்!"

"தெரியும். வச்சிடுங்க."

பேரேட்டின் முதல் பக்கத்தில் இருந்த பழைய எண்ணில் கூப்பிட்டேன். எடுத்தவர் சிரித்துக்கொண்டே எடுத்தார். ஒவ்வோர் எண்ணாக நான் படிக்க, அவர் "சரி, சரி" என்றார். முடித்துவிட்டுப் பிள்ளைகளை விசாரித்தார்.